முதலெழுத்துகளுக்குள் ஒரு வம்சாவளி

திருகோணமலைத் துறைமுகத்தில் நிக்கல்சன் கோவ் என ஆங்கிலேயர் பெயரிட்டுச் சென்ற சிறு குடா ஒன்று உண்டு. அங்கே கிடைத்த அரபு எழுத்துப் பொறித்த மீஸான் கற்கள், இம்மாவட்டத்து முஸ்லிம்களைப் பற்றி நமக்கு எஞ்சியிருக்கும் எழுத்துச் சான்றுகளுள் மிகப் பழையவை. ஒரு கல் ஹிஜ்ரி 729ஆம் ஆண்டுக்குரியது. அதாவது 1329. ஹலப் நகரைச் சேர்ந்த அலியின் மகன் அமீர் பத்ருத்தீன் ஹுஸைன் என்பவரின் மகளுக்காக நாட்டப்பட்டது அது. இன்னொன்று ஹிஜ்ரி 808ஆம் ஆண்டுக்கல். காழி அஃபீஃபுத்தீன் அப்துல்லாஹ், அவருடைய தந்தை அப்துர் ரஹ்மான், அவருடைய தந்தை முஹம்மத், அவருடைய தந்தை யூஸுஃப் அல்-அலவி என்று நான்கு தலைமுறையை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறது.

இவ்விரு கற்களையும் பற்றி வாசிக்கும் போதெல்லாம் ஒரு விடயம் மனதில் இடறும். முதற் கல்லின் கீழே கிடப்பவர் ஒரு பெண். ஆனால் அறிஞர்கள் வாசித்துத் தந்த வாசகத்தில் முன்னிற்பவர்கள் அவருடைய வாப்பாவும் மூத்தவாப்பாவும். ஊர் ஹலப் என்பதுகூடத் தெரிகிறது. உம்மா யார், எந்த வீட்டுப் பெண், இத்தீவிலே பிறந்தவரா என்ற கேள்விகளுக்குக் கல்லிலே இடமில்லை. நசப் என்று நாம் சொல்லும் வம்சாவளிக் கலையின் இயல்பு அது. அது எதைச் சொல்கிறதோ அதைத் துல்லியமாகச் சொல்லும். எதைச் சொல்லவில்லையோ அது இல்லாமலே போய்விடும்.

இக்கட்டுரை கற்களைப் பற்றியதன்று. துறைமுகத்தின் எதிர்க்கரையில், கொட்டியாரக் குடாவைச் சுற்றிக் கிடக்கும் மூதூர்த் தொகுதியின் இரண்டு அரசியற் குடும்பங்களைப் பற்றியது. இரண்டுமே கிண்ணியாக் குடும்பங்கள். இரண்டிலும் தந்தை கொல்லப்பட்டார், இரண்டிலும் மகன் பாராளுமன்றம் சென்றார். இவர்களுடைய வரலாறு ஊரில் எல்லோருக்கும் வாய்ப்பாடமாகத் தெரியும். தெரிந்திருப்பதாலேயே எவரும் அதை உட்கார்ந்து பார்ப்பதில்லை.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். எம்.ஈ.எச். முகம்மது அலி. எம்.ஈ.எச். மஹ்ரூப். இருவரும் மூதூர்த் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர்களாக இருந்தவர்கள், அண்ணன் தம்பி. மூன்று முதலெழுத்துகளும் ஒரே மனிதரின் பெயர்: முகம்மது எகுத்தார் ஹாஜியார். எகுத்தார் ஹாஜியார் பாராளுமன்றத்துக்குப் போனவரல்லர். ஆயினும் அவருடைய பெயர் ஒவ்வொரு வாக்குச் சீட்டிலும், ஒவ்வொரு ஹன்சார்ட் பக்கத்திலும் மூன்று எழுத்தாக உட்கார்ந்திருந்தது. ஹஜ்ஜுக்குப் போய்வந்த பெருமைகூட 'எச்' என்ற ஓரெழுத்தில் அடங்கியது. நமது முதலெழுத்துகள் உண்மையில் சுருக்கி எழுதப்பட்ட நசப்தான். 'இப்னு' என்ற சொல்லை உதறிவிட்டு ஒரு புள்ளியை வைத்துக்கொண்டோம், அவ்வளவே.

அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையில் முதலெழுத்து முறை கைவிடப்படுகிறது. மகன் இம்ரான் மஹ்ரூப் என்றே அறியப்படுகிறார். தந்தையின் பெயர் முன்னே புள்ளியாக நிற்காமல் பின்னே முழுப்பெயராக வந்துவிட்டது. மறுபுறத்தில் ஏ.எல். அப்துல் மஜீதின் மகன் நஜீப் அப்துல் மஜீத். அங்கேயும் அதேதான். தந்தைமார் தம் தந்தைமாரின் பெயரைச் சுருக்கினார்கள். பிள்ளைகள் தம் தந்தைமாரின் பெயரை விரித்தார்கள். இதை நவீன நாகரிகம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. ஏன் என்பதை விளங்கிக்கொள்ளத் தொகுதியின் கதைக்குள் போக வேண்டும்.

1947ஆம் ஆண்டு முதற் பாராளுமன்றத் தேர்தலில் மூதூரில் தெரிவானவர் ஏ.ஆர்.ஏ.எம். அபூபக்கர். அப்போது மூதூர் ஓர் உறுப்பினர் தொகுதி. 1959ஆம் ஆண்டின் எல்லை மீள்நிர்ணயத்தின் பின்னர் அது இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிற்று. மட்டக்களப்பு, அக்குறணை போன்ற வேறு சில தொகுதிகளும் அவ்வாறே பல அங்கத்தவர் தொகுதிகளாயின. ஒரு தொகுதிக்குள் இரண்டு சமூகங்கள் கணிசமாக வாழுமிடத்தில் இரண்டுக்கும் ஆசனம் கிடைக்கட்டும் என்பதே எண்ணம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள்.

இந்த இரண்டாவது வாக்கு எத்தனை பெரிய சங்கதி என்பது இன்றைய தலைமுறைக்கு விளங்காது. முதல் வாக்கைத் தன் ஊரானுக்கோ தன் சமூகத்தானுக்கோ போட்டுவிட்டு ஒருவன் கையில் இன்னொரு வாக்குடன் நிற்கிறான். அதை என்ன செய்வது? அந்தக் கேள்விதான் அரசியல்வாதியை அடுத்த சமூகத்தின் படலைக்குள் போகவைத்தது. தோப்பூருக்குப் போகிற வேட்பாளர் சம்பூருக்கும் போக வேண்டியிருந்தது. சம்பூருக்குப் போகிறவர் கிண்ணியாவுக்குத் தோணியேற வேண்டியிருந்தது.

1960 ஜூலைத் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் த. ஏகாம்பரமும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஏ.எல். அப்துல் மஜீதும் தெரிவானார்கள். கணவர் கொல்லப்பட்ட மறுவருடம் சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதற் பெண் பிரதமரானது அதே தேர்தலின் பின்னர்தான். ஒரு விதவையின் பெயரால் வீசிய அலையில் மஜீத் உள்ளே வந்தார் என்றால் மிகையன்று. ஏகாம்பரம் காலமானபின் 1962இல் நடந்த இடைத்தேர்தலில் தமிழரசுக் கட்சி எம்.ஈ.எச். முகம்மது அலியை நிறுத்தி வென்றது. ஒரு தமிழர் இருந்த ஆசனத்துக்குத் தமிழ்க் கட்சியொன்று முஸ்லிம் ஒருவரை நிறுத்தியது, தமிழ் வாக்காளரும் வாக்களித்தார்கள். 1965இல் மஜீத், முகம்மது அலி இருவருமே மூதூரின் உறுப்பினர்கள். ஒரே ஊரின் இரண்டு போட்டிக் குடும்பங்கள் ஒரே தொகுதிக்காக ஒரே சபையில் உட்கார்ந்திருந்தன. 1970இல் மஜீதும், தமிழரசுக் கட்சியின் அ. தங்கத்துரையும்.

இதில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்று. எகுத்தார் ஹாஜியார் குடும்பத்தை முஸ்லிம் அரசியலின் தனிச்சொத்தாக இன்று எவரும் பேசிவிடலாம். ஆனால் அக்குடும்பம் பாராளுமன்றத்துக்குப் போன பாதையில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னமும் அதற்குப் புள்ளடியிட்ட தமிழ் விவசாயியின் கையும் இருக்கின்றன. வம்சாவளி மரத்தை வரைகிற எவரும் அந்தக் கையை வரைவதில்லை. இரத்த உறவு இல்லையே என்பார்கள். உண்மைதான், இரத்த உறவில்லை. ஆனால் அரசியற் குடும்பம் என்பது இரத்தத்தால் மட்டும் உண்டாவதா? வாக்கு இல்லாமல் எகுத்தார் ஹாஜியாரின் பிள்ளைகள் ஊரின் வசதியான வீட்டுப் பிள்ளைகளாக மட்டுமே இருந்திருப்பார்கள்.

1976ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயம் இந்தக் கதையை முறித்தது. மாவட்டத்தில் சேருவில என்ற புதிய தொகுதி தோன்றியது. அல்லை, கந்தளாய்க் குடியேற்றங்களின் பின்னர் பெருகிய சிங்கள வாக்காளருக்கு ஓர் ஆசனம். மூதூர் மீண்டும் ஓர் உறுப்பினர் தொகுதியாகச் சுருங்கியது. 1977இல் திருகோணமலையில் இரா. சம்பந்தன், சேருவிலவில் எச்.டி.எல். லீலாரத்ன, மூதூரில் ஐக்கிய தேசியக் கட்சியின் எம்.ஈ.எச். மஹ்ரூப். ஒரு தமிழர், ஒரு சிங்களவர், ஒரு முஸ்லிம். பார்வைக்கு நீதியான பங்கீடுதான். ஆனால் இரண்டாவது வாக்கு போய்விட்டது. இனி ஒவ்வொருவரும் தத்தம் வேலிக்குள்ளே வாக்குக் கேட்டால் போதும். பதினேழு ஆண்டுகள் தொகுதியைக் கையில் வைத்திருந்த மஜீத், 1970 முதல் தகவல், ஒலிபரப்புத்துறைப் பிரதி அமைச்சர் வரை உயர்ந்தவர், 1977இன் பேரலையில் பாராளுமன்றத்துக்கு வெளியே நின்றார்.

பின்னர் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் விகிதாசாரப் பிரதிநிதித்துவமும் வந்தன. மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி, நான்கு ஆசனங்கள், கட்சிக்கு ஒரு புள்ளடி, ஆளுக்கு மூன்று விருப்பு வாக்கு. விருப்பு வாக்கு முறையில் வேட்பாளர் தம் கட்சிக்காரருடனேயே மல்லுக்கட்ட வேண்டும். கொள்கை ஒன்று, சின்னம் ஒன்று, மேடை ஒன்று. பிறகு வேட்பாளனை வேட்பாளனிடமிருந்து எது பிரித்துக் காட்டும்? பெயர்தான். புல்மோட்டையிலிருந்து வெருகல் வரை பரந்த மாவட்டத்தில், கண்ணால் காணாத வேட்பாளனின் இலக்கத்தை ஒருவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டுமானால் அந்தப் பெயர் முன்னமே காதில் விழுந்திருக்க வேண்டும். பிள்ளைகள் தந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்காமல் முழுப் பெயராக விரித்ததற்கு இந்தத் தேர்தல் முறையும் ஒரு காரணம் என்பது என் துணிபு. குடும்ப அரசியலை ஏசுகிறவர்கள் குடும்பங்களை மட்டும் ஏசுகிறார்கள். அதை விளையவைத்த வயலைப் பார்ப்பதில்லை.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதை எழுதத்தான் கை கூசுகிறது.

1987 நவம்பர் 13ஆம் திகதி ஏ.எல். அப்துல் மஜீத் கிண்ணியாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்திய அமைதி காக்கும் படை வடகிழக்கில் நிலைகொண்டு, அதற்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் தொடங்கி ஒரு மாதம் கழிந்திருந்த நேரம். பத்தாண்டுகளுக்குப் பின் 1997 ஜூலை. அம்மாதம் 5ஆம் திகதி திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் நடந்த விழாவுக்கு வந்திருந்த அ. தங்கத்துரை, கைக்குண்டுத் தாக்குதலில் உயிரிழந்தார். அவருடன் கல்லூரி அதிபரும் வேறு சிலரும் மாண்டார்கள். சரியாகப் பதினைந்து நாட்கள் கழித்து, 20ஆம் திகதி, நிலாவெளி வீதியில் எம்.ஈ.எச். மஹ்ரூப் தம்முடன் வந்தவர்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். இம்மூன்று கொலைகளும் விடுதலைப் புலிகளின் செயல் என்றே பதிவாகியுள்ளன.

1970இல் மூதூர் மக்கள் தம் இரண்டு வாக்குகளால் அனுப்பிய இருவர் மஜீதும் தங்கத்துரையும். 1977இல் ஒரு வாக்கால் அனுப்பியவர் மஹ்ரூப். மூவரும் இயற்கையாக மரணிக்கவில்லை. ஒரு தொகுதியின் இத்தனை பிரதிநிதிகள் துப்பாக்கிக்கும் குண்டுக்கும் இரையான ஊர்கள் எத்தனை இருக்கும்? ஆயினும் இவர்களுடைய நினைவு நாட்களை நாம் ஒன்றாக வைப்பதில்லை. மஹ்ரூபுக்குக் கிண்ணியாவில் யாஸீன், தங்கத்துரைக்குக் கிளிவெட்டிப் பக்கம் அஞ்சலி. இடையில் பதினைந்து நாள், சில கட்டை தூரம், ஒரு குடா. நம் ஏடுகள்கூட ஒருவரை எழுதும்போது மற்றவரை அடிக்குறிப்பாகவும் சேர்ப்பதில்லை. இரு தரப்பிலும் இந்தக் குறை உண்டு. எனினும் நம் பக்கத்துக் குறையை நாம்தான் சொல்ல வேண்டும்.

கொல்லப்பட்ட தந்தையின் பெயர் மகனுக்கு வெறும் பெயரல்ல. அது நிறைவுறாத ஒரு கணக்கு. ஊர் அதைத் தீர்த்துவைக்க விரும்புகிறது. நஜீப் அப்துல் மஜீத் பாராளுமன்றம் சென்றார், பிரதி அமைச்சரானார். 2012 செப்டெம்பரில் நடந்த கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காத நிலையில், 14 ஆசனம் பெற்ற ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கு 7 ஆசனம் பெற்ற முஸ்லிம் காங்கிரஸ் கைகொடுக்க, அவர் முதலமைச்சரானார். கிழக்கின் முதலாவது முஸ்லிம் முதலமைச்சர். 2015 பெப்ரவரி வரை அப்பதவியில் இருந்தார். அதே 2015 ஓகஸ்டில் இம்ரான் மஹ்ரூப் ஐக்கிய தேசியக் கட்சியில் பாராளுமன்றம் சென்றார். 2020இலும் 2024இலும் ஐக்கிய மக்கள் சக்தியில் மீண்டும் தெரிவானார்.

இங்கே ஒரு வேடிக்கை. 2015இல் அதே பட்டியலில் கிண்ணியாவிலிருந்து இன்னொரு மஹ்ரூபும் தெரிவானார்: அப்துல்லாஹ் மஹ்ரூப். ஒருவருக்கு மஹ்ரூப் என்பது தந்தையின் பெயர், மற்றவருக்குத் தம் சொந்தப் பெயர். நூறு வருடம் கழித்துப் பாராளுமன்றப் பட்டியலை வைத்து வம்சாவளி எழுதப்போகிற ஆராய்ச்சியாளர் இருவரையும் அண்ணன் தம்பியாக்கிவிடுவார். பெயரைக் கொண்டு இரத்தத்தைக் கணிப்பது அத்தனை எளிதல்ல.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. குர்துபாவின் இப்னு ஹஸ்ம் (994-1064) அரபுக் கோத்திரங்களின் வம்சாவளியைத் தொகுத்து ஜம்ஹரத்து அன்ஸாபில் அரப் என்ற பெருநூல் எழுதியவர். அவரும் அரசியற் குடும்பத்துப் பிள்ளைதான். தந்தை, அந்தலுஸை ஆண்ட அல்-மன்சூரின் வஸீர். தம் முன்னோர் பாரசீகத்திலிருந்து வந்து உமையாக் குடும்பத்தின் மவாலிகளாக இருந்தவர்கள் என்பது இப்னு ஹஸ்மின் கூற்று. அவர் காலத்து வரலாற்றாசிரியர் இப்னு ஹய்யான் அதை ஏற்கவில்லை. அண்மையில் இஸ்லாத்துக்கு வந்த லப்லா ஊர் உள்நாட்டுக் குடும்பம்தான் அது என்று எழுதினார். உலகத்துக்கெல்லாம் நசப் எழுதியவரின் நசப் தகராறில் கிடக்கிறது! இதைவிட எனக்குப் பிடித்தது, தமது தவ்குல் ஹமாமா நூலில் அவர் தம்மைப் பற்றிச் சொல்லும் செய்தி. சிறு பராயத்தில் அவர் அந்தப்புரத்துப் பெண்களிடையே வளர்ந்தார். குர்ஆனையும் கவிதையையும் எழுத்தையும் பெண்களே கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அவருடைய முழுப் பெயரில் வரிசையாக நிற்பவர்கள் ஆண்கள்.

அந்தலுஸ் ஸ்பெயினாகி, ஸ்பானிய மொழி கடல் கடந்து அமெரிக்கக் கண்டங்களில் பரவியபோது, அங்கே பெயர் வைப்பதில் வேறொரு வழக்கம் வேரூன்றியது. பிள்ளைக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். முதலாவது தந்தையுடையது, இரண்டாவது தாயுடையது. நிக்கரகுவாவின் சமோரோ குடும்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1853இல் நாட்டின் தலைமைக்கு வந்த ஃப்ருத்தோ சமோரோ தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு அரசியலில் நிலைத்த குடும்பம் அது. 'லா ப்ரென்சா' பத்திரிகையின் ஆசிரியர் பெத்ரோ ஹோவாகின் சமோரோ கார்தெனால், சர்வாதிகாரி சொமோசாவை எதிர்த்து எழுதியவர், 1978 ஜனவரி 10ஆம் திகதி மனாகுவா வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பெயரின் இறுதியில் நிற்கும் கார்தெனால், உம்மாவின் வீட்டுப் பெயர். அவருடைய மனைவி வியொலேத்தா 1990இல் ஜனாதிபதியாகத் தெரிவாகி ஏழு ஆண்டுகள் ஆண்டார். 2025 ஜூனில் காலமானார். மகள் கிறிஸ்தியானா 2021இல் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்வந்தபோது வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

கொல்லப்பட்டவரின் குடும்பம் அரசியலுக்கு வருவது அங்கேயும் நடந்திருக்கிறது, இங்கேயும் நடந்திருக்கிறது. வித்தியாசம், அங்கே பெயருக்குள் தாய் இருக்கிறாள்; கணவன் போனபின் நாற்காலியில் மனைவி இருக்கிறாள். நம் கிழக்கில் இதற்குச் சமமாகச் சொல்லக்கூடியவர் பேரியல் அஷ்ரஃப். எம்.எச்.எம். அஷ்ரஃப் 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் இறந்த அடுத்த மாதமே தேர்தலில் நின்று வென்று அமைச்சரானார். அது அம்பாறை மாவட்டத்துக் கதை. திருமலை மாவட்டத்தில் தந்தையின் வெற்றிடத்தை நிரப்ப ஊர் எதிர்பார்த்தது மகன்களை.

இத்தனைக்கும் கிழக்கிலங்கை முஸ்லிம்கள் தாய்வழியை அறியாதவர்களல்லர். மட்டக்களப்பின் தென்புறத்திலும் அம்பாறைக் கரையோரத்திலும் குடி தாய்வழியாகவே எண்ணப்படுகிறது. பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும். பள்ளிவாசல் மரைக்காயர்களும் குடிவாரியாகவே தெரிவானார்கள். திருமலை மாவட்டத்தில் குடி முறை அத்தனை இறுக்கமில்லை. ஆனால் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண்ணின் வளவுக்குப் போய் இருப்பவன். ஊரில் மூத்த பெண்கள் ஓர் இளைஞனைக் கண்டால் வாப்பாவின் பெயரோடு விடமாட்டார்கள். 'உம்மாட ஊடு எது?' என்று கேட்பார்கள். அதற்குப் பதில் கிடைத்த பிறகே அவன் யார் என்பது அவர்களுக்குத் தெளிவாகும். சாச்சி யார், மாமி யார், எந்த மச்சான் எந்த வளவில் இருக்கிறான் என்பதெல்லாம் அந்த ஒரு பதிலில் அவிழ்ந்துவிடும்.

இதை அரசியலுக்குப் பொருத்திப் பாருங்கள். வேட்பாளர் ஒருவர் வேட்புமனுவில் எழுதும் விலாசம் பல சமயங்களில் மனைவியின் சீதன வீட்டு விலாசம். தேர்தல் காலத்தில் தேநீர் ஊற்றப்படுவதும், நோட்டீசு மடிக்கப்படுவதும், இரவு இரண்டு மணிக்குச் சண்டை மூளுவதும் அந்த வீட்டில்தான். அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்குவது அவருடைய தம்பிமாரைவிட மனைவியின் தம்பிமார்கள், அதாவது மச்சான்மார்கள். சகோதரிகள் கலியாணம் முடித்துப் போன வளவுகள் எல்லாம் அவருடைய கோட்டைகள். பெண்ணைக் கொடுத்த இடமும் எடுத்த இடமும் தெரிந்தால் ஒரு வட்டாரத்தின் முடிவை ஓரளவுக்கு முன்கூட்டியே ஊகிக்கலாம். தேர்தல் வேலை செய்த எவரும் இதை ஒத்துக்கொள்வார்கள். ஆனால் நினைவு மலர்களை எடுத்துப் பாருங்கள். வாப்பா, மூத்தவாப்பா, அவருடைய வாப்பா. பெண்கள் 'அன்னாரின் துணைவியார்' என்ற இரண்டு சொல்லில் வந்து போவார்கள்.

ஆவணங்களும் இதற்கு உடந்தை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் நிக்காஹ் பதிவில் மாப்பிள்ளையின் கையொப்பத்தையும் வலியின் கையொப்பத்தையும் கேட்டது. மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. யாருடைய வீட்டில் அந்தக் குடும்பம் வாழப்போகிறதோ, யாருடைய காணியில் அடுத்த தலைமுறை பிறக்கப்போகிறதோ, அவருடைய கையெழுத்து அந்தத் தாளுக்குத் தேவைப்படவில்லை. பிற்காலத்தில் பதிவேடுகளைப் புரட்டி வம்சாவளி எழுதுகிறவருக்குக் கிடைப்பது மீண்டும் ஆண்களின் வரிசைதான். ஹிஜ்ரி 729ஆம் ஆண்டுக் கல்லிலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிடவில்லை.

குடும்பப் பெயர் வாக்கைக் கொண்டுவரும், எப்போதும் காப்பாற்றாது. கிண்ணியாவையும் திருகோணமலைப் பக்கத்தையும் பிரித்த நீரைத் தலைமுறை தலைமுறையாகப் பாதையில்தான் கடந்தோம். பாதை என்று நாம் சொல்வது மிதவைப் படகை. தெருவையல்ல, வெளியூர் வாசகர் மன்னிக்க. சவூதி அரேபியாவின் உதவியோடு கட்டப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்த அத்தனை பாராளுமன்ற உறுப்பினர்களும் பிரதி அமைச்சர்களும் அந்தத் துறையில் பாதைக்குக் காத்து நின்றவர்கள்தான். பாலம் வந்தும் பாதை ஒழியவில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில், மாற்றுவழியாக ஓடிய பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்படப் பலர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அன்று ஆத்திரமுற்ற மக்கள் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வீட்டைத் தாக்கினார்கள். தாக்கியதை நியாயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஜனாஸாக்களை அடக்கிய கையோடு எவரும் வாப்பா யார், மூத்தவாப்பா யார் என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பாலம் ஏன் முடியவில்லை என்று கேட்டார்கள்.

இக்குடும்பங்களின் வரலாற்றை யாரேனும் முறையாக எழுத முன்வந்தால் ஹன்சார்ட்டையும் நினைவு மலர்களையும் மட்டும் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. காணி உறுதிகளைப் பார்க்க வேண்டும். எந்த வளவு எந்த மகளுக்குப் போனது என்பது அங்கேதான் இருக்கும். வயதான பெண்களிடம் போக வேண்டும். கிளிவெட்டிக்கும் சம்பூருக்கும் பட்டித்திடலுக்கும் போக வேண்டும். 1962இல் முகம்மது அலிக்கு ஏன் வாக்களித்தோம் என்று அங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கக்கூடும்.

1970ஆம் ஆண்டு ஒரே வாக்குச் சீட்டில் மஜீதுக்கு ஒரு புள்ளடியும் தங்கத்துரைக்கு ஒரு புள்ளடியும் போட்டவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தத் தேர்தல் அறிக்கையும் சொல்லாது. அன்று பதினெட்டு வயதில் முதல் வாக்கைப் போட்டவர்களுக்கு இன்று எழுபதைக் கடந்துவிட்டது. யுத்தத்திலும், 2004 சுனாமியிலும், 2006இல் மூதூரைவிட்டு வெளியேறிய நடையிலும் தப்பிப் பிழைத்தவர்கள் குடாவின் இரு கரையிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.